திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரை

போன மாதம் இங்கிரிட் தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை செய்து ஓய்வுபெற்ற பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் ஆசிரியை அவள்.

"மனோ, ஒரு விசயம் கேக்க வேணும். வெள்ளிக்கிழமையிலை மெழுகுதிரி எரிஞ்சு முடியுமட்டும் ஒரு குடும்பம் பக்கத்திலை இருக்குதெல்லோ, அது எந்த ஊர் யூத ஆக்களின்ரை வழக்கம்? புதுசா வந்த அப்பா அம்மாமார் கேக்கினம். நான் தேடாத இடமில்லை. கடைசியிலை போலந்துப் பக்கம் எண்டு சொல்லிப்போட்டன். சரிதானே?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் பாவம், பயந்துபோனாள். "புதன்கிழமை வீட்டை வா, தோசை சுடுறன். முழுக்கதையும் சொல்லுறன்" என்றேன். வந்தாள். கூடவே இன்னும் இரண்டு இளம் ஆசிரியைகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையில் வருகிறவர்கள் பெரும்பாலும் நோர்வேஜிய மொழியில்தான் பேசினார்கள். ஆனால் எனக்குள்ளே எல்லாமே என் தமிழில்தான் பதிந்து கிடக்கிறது. அதனால் என் தலைமை ஆசிரியை ரூத்தும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஊரை விட்டு நோர்வேக்கு வந்து மொழி படித்ததும், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்ததும், ரொம்மனில் பார்னஹாகே என்று இங்கே சொல்லும் பாலர் பள்ளியில் உதவிக்கு நின்றதும், பிறகு வேலை பார்த்துக்கொண்டே படித்து ஆசிரியை ஆனதும் ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியவை. பாதி நாள் அழுதுகொண்டு படித்தேன். மீதி நாள் அழ நேரமில்லை.

அப்போதுதான் ஒஸ்லோவில் ஒரு சின்ன யூதக் குடும்பப் பள்ளியில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். கிழமை நாட்களில் பாலர் பள்ளி. வெள்ளி பின்னேரமும் ஞாயிறும் பெரிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து வகுப்பு. நடத்தியவர்கள் முற்போக்கு யூதர்கள். அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து இருப்பார்கள். பெண் பிள்ளையும் எல்லோர் முன்னிலையிலும் வேதச்சுருளை விரித்து வாசிக்கலாம். முக்கியமானது, தாய் தகப்பனில் யாராவது ஒருவர் யூதராக இருந்தால் போதும், பிள்ளையை வா என்பார்கள். பழைய வழக்கத்தில் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதப் பிள்ளை. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

நேர்முகத்துக்குப் போனபோது ரூத் என்னைச் சின்னப்பிள்ளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். நெட்டையான மனுசி, முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். கம்பளிச் சட்டையின் பைகள் இரண்டும் தொங்கும். ஒன்றில் உலர்ந்த முந்திரிகைத் திராட்சை, மற்றதில் வாசல் பூட்டுகளின் திறப்புக் கோர்வை. தானும் அதேபோல ஒரு குட்டிக் கதிரையில், முழங்கால் நாடியில் முட்ட, இருந்தார்.

"எங்களைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது."

"நல்லது. தெரிஞ்ச ஆக்கள் கேள்வி கேக்க மாட்டினம். திங்கக்கிழமை வாரும்."

அவ்வளவுதான் நேர்முகம். கோயிலில் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள்: "உனக்கு வேறை ஒரு இடமும் கிடைக்கேல்லையோ?" கிடைத்தது, ஆனால் அங்கே கதிரை பெரிசு என்று சொன்னேன். விளங்காமல் விழித்தார்கள்.

யூதர் என்று யாராவது தாக்க வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் அந்தப் பள்ளிக்கு வெளியில் பெயர்ப்பலகை கிடையாது. நுழைய இரண்டு கதவு. முதலாவது பூட்டிய பிறகுதான் இரண்டாவது திறக்கும். சோதனைச்சாவடிகளைத் தாண்டி வந்தவள் நான். முதல் நாள் அந்த இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றபோது என் கை தானாக அடையாள அட்டையைத் தேடியது. ஆனால் அந்த இடுக்கில் எதிரொலி நன்றாகக் கேட்கும். அதைக் கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள். ரூத் அதை ஒரு சட்டமாகவே ஆக்கிவிட்டார்: உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும், போகிறவர் யாராக இருந்தாலும், நடுவில் நிற்கும்போது ஏதாவது பாட வேண்டும். தபால்காரன் பாடினான். காவலுக்கு வந்த இளம் பொலிஸ்காரன் காது சிவக்கப் பிறந்தநாள் பாட்டுப் பாடினான். நான் தேவாரம் பாடினேன், வேறு என்ன பாடுவது. இந்த நாட்களில் காவல் இன்னும் கூட்டியிருக்கிறார்கள் என்று இங்கிரிட் சொன்னாள். பாடுகிறார்களா என்று கேட்டேன். பாடுகிறார்களாம். மனம் குளிர்ந்தது.

இன்னொரு சட்டமும் இருந்தது. பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போக முடியாது. பெற்றோரும் உள்ளே வந்து சின்னக் கதிரையில் இருந்து பிள்ளையோடு படிக்க வேண்டும். எனக்கு இது பெரிய புதினம். நாங்கள் தமிழ்ப் பெற்றோர் காருக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் அல்லவா? தமிழ் வகுப்பு, பரதநாட்டியம், மிருதங்கம், நீச்சல் என்று பிள்ளைகளை இறக்கிவிட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு காருக்குள் காத்திருந்து, திரும்ப ஏற்றிக்கொண்டு போவதுதான் எங்கள் சனி ஞாயிறு. ரூத்திடம் இதைச் சொன்னேன். "அப்ப அந்தக் கார்கள் எல்லாம் நல்லாப் படிச்சிருக்கும்" என்றார்.

பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் ரூத் உடனே பதில் சொல்லமாட்டார். பக்கத்தில் இருக்கும் பெரியவரைப் பார்ப்பார். அந்தப் பெரியவரும் பதில் சொல்லக்கூடாது. தன் பங்குக்கு இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். வைத்தியர்களும் வக்கீல்களும் அந்தக் குட்டிக் கதிரையில் வியர்த்துக்கொண்டு இருப்பார்கள். ஏதாவது பிழைத்துப்போனால் ரூத் கத்தமாட்டார். போய்க் கேத்திலைக் கொதிக்க வைப்பார். கேத்தில் சத்தம் கேட்டால் எங்களுக்கு விளங்கிவிடும், எங்கேயோ என்னவோ நடந்துவிட்டது என்று.

வெள்ளி பின்னேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளி சூரியன் மறையும்போது யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத் தொடங்கும். ஒஸ்லோவில் அது பெரிய பகிடி. மார்கழியில் மத்தியானச் சாப்பாடு செமிக்கும் முன்னமே இருட்டிவிடும்; ஆனியில் பிள்ளைகள் நித்திரையான பிறகும் வெளிச்சம் நிற்கும். ரூத், "சூரியன் தன்ரை பாட்டைப் பாக்கட்டும், பிள்ளையளுக்குப் பசிக்குது" என்று ஆண்டு முழுக்க ஒரே நேரம் வைத்துவிட்டார். வெள்ளைத் துணி விரித்த மேசை, சடைபோலப் பின்னிய பாண் ரொட்டி, முந்திரிகைச் சாறு, இரண்டு மெழுகுதிரி. அந்தக் கிழமை முறை வருகிற பிள்ளை ஏற்றும். பிறகு ஒவ்வொரு தாயும் தகப்பனும் தன் பிள்ளையின் தலையில் கைவைத்து, தனக்கு வாய்த்த மொழியில், காதோடு ஆசி சொல்ல வேண்டும். அந்த நேரம் அறையே முணுமுணுக்கும். எத்தனையோ வருசம் பார்த்தும் அந்த நேரம் நான் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பேன்.

ஏற்றிய மெழுகுதிரியை யாரும் அணைக்கக்கூடாது. அது தானாக எரிந்து முடிய வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு வெளிக்கிடும் நேரம் திரி மிச்சம் இருந்தால், நெருப்புக்குப் பயந்து, தகரத் தட்டோடு தூக்கிச் சமையலறையில் கோப்பை கழுவும் தொட்டிக்குள் வைத்துவிடுவோம். அங்கே தன் பாட்டில் எரிந்து முடியும். அதுதான் அப்போதைய வழக்கம்.

இப்போது சுகந்தி. ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஹொல்ம்லியாவில் வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. சிறுவயதில் தாயோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். கூடப் படித்த டேனியலைக் கட்டினாள்; டேனியல் யூதன். அவர்களுக்கு ஒரே பிள்ளை, மாயா. கறுத்தச் சுருள் தலைமயிர், கேள்விக்குப் பிறந்த வாய். ஒவ்வொரு வெள்ளியும் ஞாயிறும் சுகந்திதான் கார் ஓட்டி வருவாள். டேனியலும் மாயாவும் உள்ளே வருவார்கள். சுகந்தி காருக்குள் இருப்பாள்.

நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டேன், ஏன் பிள்ளை உள்ளே வரமாட்டாய் என்று.

"நான் உள்ளுக்கு வந்தால் ஏதாவது பிழை விட்டிடுவன் மனோ அக்கா. பிறகு மாயாவைத்தான் சொல்லுவினம். மாமா வேறை நிக்கிறார்."

மாமா என்றது டேனியலின் அப்பாவை. அவர் பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசன். தொழுகைக்குப் போவதும் வேறு இடம். பேத்திமேல் உயிர், ஆனால் அவள் யூதப் பிள்ளை என்பதை மட்டும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "எங்கட பிள்ளை" என்று அவர் வாயால் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளியில் வருவார். கோட்டைக் கழற்றாமல் கதவடியில் நிற்பார். கோட்டோடேயே போய்விடுவார்.

நான் சும்மா கிடக்கிற ஆளா? வாரக்கணக்கில் அந்தப் பெண்ணின் உயிரை வாங்கி, ஒரு தை மாத வெள்ளியில் உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று மெழுகுதிரி ஏற்றும் முறை மாயாவுக்கு. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தாயின் கையைப் பிடித்து, இது என் கதிரை, இது உங்கட கதிரை என்று காட்டிக் காட்டித் திரிந்தாள். ஆசி சொல்லும் நேரம் சுகந்தி மகளின் தலையில் கைவைத்து, "நல்லா இரு குஞ்சு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கே மாயா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

எல்லாம் முடிந்து எல்லோரும் கோட்டும் காலணியுமாக வெளிக்கிட்ட நேரம்தான் அது நடந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன சுகந்தி, தொட்டிக்குள் இரண்டு மெழுகுதிரியும் தனியே எரிந்துகொண்டிருப்பதைக் கண்டாள். எங்கள் வீடுகளில் விளக்குத் தானாக அணைய, எங்கள் பேச்சில் நூர, விடமாட்டோம். அது கூடாத குறி. வாயால் ஊதவும் மாட்டோம். பூவால் ஒற்றித்தான் அணைப்போம். அவள் மேசையில் இருந்த துலிப் பூவில் ஒரு இதழைக் கிள்ளி, பக்குவமாக, கும்பிட்டு, இரண்டு சுடரையும் ஒற்றி அணைத்துவிட்டாள்.

"அம்மா! என்ன செய்தனீங்கள்!"

மாயா கத்திய கத்தலில் எல்லோரும் திரும்பினார்கள். மாயா ஏற்றிய முதல் சப்பாத் விளக்கு. திரியிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. சுகந்தி பூவிதழோடு நின்றாள். கதவடியில் நின்ற கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு மகனைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்குத்தான் தாய் வழியிலை வரவேணும் எண்டு சொல்லுறது."

சுகந்தி காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இரண்டு கதவுக்கும் நடுவில் அவள் பாடவில்லை. உள்ளே கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது. கிழவரின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் மேலேயும்தான், இழுத்து வந்தவள் நான் அல்லவா? அடுத்த வெள்ளியிலிருந்து சுகந்தி மறுபடியும் காருக்குள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் மாயாவைப் பாட் மிட்ஸ்வாவுக்குத் தயார்படுத்தத் தொடங்கினோம். பதின்மூன்று வயதை ஒட்டி ஒரு பெண்பிள்ளை முதல்முறையாக எல்லோர் முன்னிலையிலும் வேதச்சுருளை வாசித்து, தான் வாசித்ததைப் பற்றித் தன் சொந்தப் பேச்சையும் பேசும் நாள் அது. பிள்ளையின் பிறந்தநாளை வைத்துப் பகுதி அமையும். கார்த்திகையில் பிறந்த மாயாவுக்கு, ஒரு தகப்பன் மகனைப் பலிகொடுக்க மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற பழைய கதை கிடைத்தது. கடைசி நேரத்தில் பிள்ளை தப்பிவிடுவான். ஆனாலும் கேட்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும்.

ஒரு ஞாயிறு, வெளியில் பனி கொட்டுகிறது. ரூத் அந்தக் கதையை வாசித்துவிட்டு, வழக்கம்போல, "என்ன கேக்கப் போறியள்?" என்றார். பிள்ளைகள் தகப்பனைப் பற்றிக் கேட்டார்கள், கத்தியைப் பற்றிக் கேட்டார்கள். மாயா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் திரும்பிக் கேட்டாள்:

"அந்தப் பெடியன்ரை அம்மா எங்கை? காருக்குள்ளையோ?"

யாரும் சிரிக்கவில்லை. ரூத் பக்கத்தில் இருந்த பெரியவரைப் பார்க்கவில்லை, கேத்திலிடமும் போகவில்லை. எழும்பினார். தான் இருந்த குட்டிக் கதிரையைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார், கம்பளிச் சட்டையோடு. நான் அவருடைய கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்த அவசரத்திலும் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று ஏதோ முணுமுணுத்துப் பாடிவிட்டுத்தான் போனார். சட்டம் சட்டம்தானே.

சுகந்தியின் காருக்குப் பக்கத்தில், பனிக்குள், கதிரையைப் போட்டு இருந்தார். கதிரைக் கால் பனியில் புதைந்து அவர் இன்னும் கீழே போனார். கண்ணாடியைத் தட்டினார்.

சுகந்தி பதறிக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். "உங்களுக்கென்ன விசரே ரூத்? எழும்புங்கோ, குளிர் பிடிக்கப்போகுது!"

"அப்பா அம்மாமார் பள்ளிக்குள்ளை இருக்க வேணும் எண்டது சட்டம். நீர் வரமாட்டீர். அதுதான் பள்ளியை இஞ்சை கொண்டுவந்திட்டன்."

அந்த மனுசியை என்ன செய்வது? சுகந்தி பின்கதவைத் திறந்தாள். இருவரும் ஏறினோம். கதிரை வெளியிலேயே பனியில் கிடந்தது. சூடேற்றியைக் கூட்டிவிட்டாள். ரூத் முந்திரிகையை எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் கையில் வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"ஏன் நூர்த்தனீர்?"

சுகந்தி நோர்வேஜிய மொழியில்தான் தொடங்கினாள். பாதியில் மொழி மாறிவிட்டது. நான் ரூத்துக்கு மொழிபெயர்த்தேன்.

"நானும் அம்மாவும் முதல் வந்திட்டம். அண்ணா பிறகு வாறதெண்டு ஊரிலை நிண்டவர். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விளக்கை ஏத்திப்போட்டு வேலைக்குப் போட்டா. 'கொஞ்ச நேரத்திலை நூர்த்துப்போட்டு விளையாடு' எண்டு எனக்குச் சொன்னவ. நான் மறந்துபோனன் அக்கா. பாக்கேக்கை அது தன்பாட்டிலை நூந்துபோய்க் கிடந்தது. அண்டைக்குப் பின்னேரம்தான் ஊரிலை இருந்து ஃபோன் வந்தது. அண்ணா இல்லையெண்டு."

சுகந்தி உள்ளங்கையில் இருந்த முந்திரிகையை எண்ணுவது போல ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"விளக்காலை ஒருத்தரும் சாகிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் படிச்சனான்தானே. ஆனால் அது என்ரை பிள்ளை ஏத்தின விளக்கு. அதைத் தொட்டிக்குள்ளை விட்டிட்டு, ஒருத்தரும் திரும்பிப் பாக்காமல் வெளிக்கிடினம். என்னாலை ஏலாமல் போச்சு."

நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன், அழுகை வந்துவிட்டது. ரூத்துக்குச் சொல் தேவைப்படவில்லை. சுகந்தியின் தோளில் கைவைத்தபடி இருந்தார். பிறகு கேட்டார்: "மாயாவுக்கு இது தெரியுமோ?"

"இல்லை."

"நீர்தான் சொல்ல வேணும். நான் சொல்ல மாட்டன். அது உம்முடைய கதை."

அடுத்த வெள்ளி சுகந்தி, மகளுக்கு எல்லாம் சொல்லிவிட்டு, அவளோடு உள்ளே வந்தாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் வந்தாள். சாப்பாடு முடிந்து நான் தட்டைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்ததுதான் தாமதம், மாயா வந்து அதைத் திரும்பத் தூக்கி மேசையில் வைத்தாள். இரண்டு குட்டிக் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"நூர்க்கவும் மாட்டம், தனிய விடவும் மாட்டம். அம்மாவும் நானும் இருப்பம்" என்றாள் எல்லோருக்கும் கேட்க.

ரூத் யோசித்தார். "ஆர் கதவு பூட்டுறது?" என்று கேட்டார். மாயா என்னைக் காட்டினாள். என்னை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. என் வீடு இருக்கும் ஹவுகெட்டோவுக்கு நான் எடுக்கிற ரயில் போய்விட்டது.

ஆனால் அன்று கண்டதை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். முதல் திரி தாழத் தொடங்கியபோது சுகந்தி மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். மெழுகு உருகித் தட்டில் வழிந்தது. சுடர் நீலமாகி, குதித்து, திரும்ப எழும்பி, போய்விட்டது. சுகந்தி மூச்சுவிடவில்லை. பிறகு இரண்டாவது. அதுவும் போனதும், முதல் வேலையாகக் கைப்பையைத் திறந்து ஃபோனைப் பார்த்தாள். யாரும் அழைத்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாயா தாயின் தோளில் சாய்ந்து, "ஒண்டும் இல்லை அம்மா, நாங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனாங்கள்" என்றாள். கோப்பை துடைக்கிற சாட்டில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்படியே ஒவ்வொரு வெள்ளியும். சில கிழமை கழித்து இன்னொரு குடும்பம், எங்களுக்கும் ஒரு முறை தாருங்கள் என்றது. பிறகு இன்னொன்று. பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள் அந்தக் கதிரைக்கு. கோடை வருவதற்குள் சுகந்தி ஃபோனைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

கிழவர் மட்டும் மாறவில்லை. பாட் மிட்ஸ்வா நாளில் எங்கள் பள்ளியில் ஒரு முறை உண்டு: வேதச்சுருளைத் தாத்தா எடுத்துப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும், பெற்றோர் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக வருகிறது என்று காட்டுவதற்கு. கிழவர் சொல்லிவிட்டார்: "என்ரை மகன்ரை கையிலை குடுப்பன். அவளின்ரை கையிலை குடுக்க மாட்டன்."

சுகந்தி, "அப்பிடியே இருக்கட்டும், நான் பக்கத்திலை நிக்கிறன், காணும்" என்றாள். மாயா விடவில்லை. "அம்மாவின்ரை கையாலை வராட்டில் நான் வாசிக்க மாட்டன்." ஒரு வருசப் படிப்பு. பாட்டாகவே பாடமாக்கி வைத்திருந்தாள். எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கியது. டேனியல் இருவருக்கும் நடுவில் கிடந்து இளைத்துப்போனான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ரூத்திடம் பாய்ந்தேன். "நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் கேப்பார். சொல்லுங்கோவன்!"

"ஓம், நான் சொன்னால் குடுப்பார். பிறகு அது நான் சொன்னதுக்குக் குடுத்ததா இருக்கும். மாயா கேக்கிறது அதை இல்லையே."

கண்டறியாத தத்துவம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன்.

வாசிக்கும் நாளுக்கு முந்தின வெள்ளி. முறை சுகந்தி குடும்பத்துக்கு. எல்லோரும் போய்விட்டார்கள். டேனியல் என்னோடு நின்று கோப்பை கழுவினான். அவன்தான் தகப்பனை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்பதால் கிழவரும் நிற்க வேண்டியதாயிற்று, கதவடியில், கோட்டோடு. திரி முடியுமட்டும் கதிரையில் காத்திருப்பதை அவர் முழுதாகப் பார்த்தது அன்றுதான். முதல் திரி முடிந்தது. சுகந்தி அசையாமல் இருந்தாள்.

"நீ ஏன் உதிலை இருக்கிறாய்?" என்று கேட்டார் கிழவர். அவளோடு அவர் நேரே பேசி நான் கேட்டதும் அன்றுதான்.

சுகந்தி சொன்னாள். அண்ணாவைப் பற்றி, மறந்துபோன விளக்கைப் பற்றி, ஃபோனைப் பற்றி. இந்த முறை அழவில்லை. சொல்லிவிட்டு, காலால் ஒரு குட்டிக் கதிரையை அவர் பக்கம் தள்ளினாள்.

கிழவர் நின்றார். பிறகு எங்களில் ஒருவரையும் பார்க்காமல், அந்த மிச்சச் சுடரைப் பார்த்துப் பேசினார்.

"ஜேர்மன்காரர் எங்கட ஆக்களைப் பிடிச்ச யுத்தத்துக்கை நாங்கள் சுவீடனுக்கு ஓடினது ஒரு வெள்ளிக்கிழமை. நான் சின்னப் பெடியன். அம்மா மேசையிலை மெழுகுதிரியை ஏத்தி வைச்சா. வீட்டிலை ஆள் இருக்கிற மாதிரித் தெரியட்டும் எண்டு அதை எரிய விட்டிட்டுப் பின்கதவாலை வெளிக்கிட்டம். நான் திரும்பித் திரும்பி யன்னலைப் பாத்தனான். அது எப்ப முடிஞ்சுது, ஆர் பாத்தது, ஒண்டும் தெரியாது. அம்மா சாகுமட்டும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை."

டேனியல் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைத் தொட்டிக்குள் மெதுவாக வைத்தான். அவனுக்கும் இது புதிது என்று முகத்தில் தெரிந்தது.

கிழவர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை அந்தக் குட்டிக் கதிரையின் முதுகில் போட்டார். அது தரையில் இழுபட்டது. அதிலே, முழங்கால் நாடியில் முட்ட, இருந்தார். மாயா, சுகந்தி, கிழவர். சுடர் தாழ்ந்து போனதும் சுகந்தி அவரைப் பார்த்து, "முடிஞ்சுது" என்றாள். "ஓம்" என்றார் அவர், "கண்டனான்."

அடுத்த நாள் காலை அறை நிறைந்திருந்தது. கிழவர் வேதச்சுருளைத் தோளில் சாய்த்தபடி எடுத்து வந்தார். டேனியல் இரண்டு கையையும் நீட்டினான். நான் நுனிக்காலில் எழும்பிப் பார்த்தேன். கிழவர் மகனுடைய கையைக் கடந்து ஒரு அடி வைத்து, சுகந்தியின் முன்னால் நின்றார். கொடுத்தார். அவள் பிறந்த பிள்ளையை வாங்குவது போல வாங்கினாள். என்ன செய்வது என்று தெரியாமல், எங்கள் வீட்டில் புத்தகத்தை எடுத்தால் செய்வோமே, அதேபோலக் குனிந்து கண்ணில் ஒற்றினாள். அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை. பிறகு டேனியலோடு சேர்ந்து அதை மகளின் கையில் வைத்தாள்.

மாயா வாசித்தாள். ஒரு இடம் தடுக்கவில்லை. தன் பேச்சில், அந்தப் பையனின் அம்மா எங்கே என்று தான் ஒரு வருசமாகக் கேட்பதாகவும் இன்னும் பதில் கிடைக்கவில்லை என்றும் சொன்னாள். "ஆனால் என்ரை அம்மா இஞ்சை நிக்கிறா" என்று முடித்தாள்.

கடைசி வரிசையில் நின்ற எனக்குப் பக்கத்தில் காவலுக்கு வந்த பொலிஸ்காரன் நின்றான். அவனுக்கும் கேட்கும்படி, அறை முழுக்கக் கேட்கும்படி, முன்னால் இருந்த கிழவர் திரும்பிச் சொன்னார்: "எங்கட பிள்ளை."

ரூத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கண்டறியாத தத்துவம் என்று நான் திட்டியது அவருக்குக் கேட்டிருக்கத்தான் வேண்டும். அவரும் இப்போது இல்லை, கிழவரும் இல்லை. இருவரையும் நினைக்காத வெள்ளி எனக்கு இல்லை. என் வேலையின் கடைசி வெள்ளியில் சுகந்தி வந்தாள்; "எல்லாருக்கும் கதவு பூட்டினனீங்கள், இண்டைக்கு நீங்கள் இருங்கோ அக்கா" என்று என்னை அந்தக் கதிரையில் இருத்திவிட்டு, திறப்பைப் பறித்துக்கொண்டு தானே பூட்டினாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தோசை ஆறிக் கிடந்தது. கடைசியில் இங்கிரிட் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப போலந்து இல்லையோ?"

"இல்லை பிள்ளை" என்றேன். "அது ஹொல்ம்லியா வழக்கம் எண்டு சொல்லு."